கூட்டுரோட்டில் பிறந்த சட்டம்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஆத்தூரைத் தாண்டினால் தலைவாசல் வரும். அங்கிருந்து சின்னசேலம் வருவதற்கு முன்னால் ஒரு கூட்டுரோடு. கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லையை ஒட்டிய இடம் அது. வடக்கே கல்வராயன் மலை தெரியும். சுற்றிலும் மரவள்ளியும் மக்காச்சோளமும் கரும்பும். காவிரிப் பாசனம் வந்து சேராத மண்.

காவிரி டெல்டாவைக் காப்பாற்றும் சட்டத்துக்கான முதல் சொல் இங்கேதான் பிறந்தது. 2020 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கால்நடைப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்ட வந்திருந்தார் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. ஆடு, மாடு, கோழி பற்றிப் பேசத்தான் அந்த மேடை போடப்பட்டது. அந்த மேடையில் நின்றபடிதான் அவர் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்படும் என்றார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களைச் சொன்னார். திருச்சி, அரியலூர், கரூர், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் டெல்டாப் பகுதிகளையும் சேர்த்துச் சொன்னார். ஆக, எட்டு மாவட்டங்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் ஒரே நாளில் வந்துவிட்ட சொல் அல்ல அது. அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

எண்ணெய் எல்லா மண்ணிலும் கிடைப்பதில்லை. கல்வராயன் மிகப் பழைய கருங்கல் பாறை, அதில் எண்ணெய் தங்க இடம் இல்லை. கிழக்கே போகப் போக நிலத்தின் அமைப்பு மாறுகிறது. கடலும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிய விட்ட வண்டல் அங்கே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. மேலே மூன்று போகம் விளைய வைக்கும் அதே வண்டலின் ஆழத்தில்தான் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. டெல்டா விவசாயிக்கு வந்த சோதனைக்கு வேர் இதுதான்.

ஓ.என்.ஜி.சி. 1960களிலேயே காரைக்காலில் ஆழ்கிணறு தோண்டியது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-ல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் டெல்டாவின் எரிவாயுவைக் கொண்டே மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் எழுந்தன. அந்தக் காலத்தில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. நாட்டுக்கு எண்ணெய் வேண்டும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று வயலைக் கொடுத்தவர்கள் உண்டு. வயலுக்கு நடுவே இரவும் பகலும் எரியும் தீயைப் பார்த்துப் பழகியும் போனார்கள்.

அந்தப் பழக்கத்தை உடைத்தது மீத்தேன். 2010 ஜூலையில் மன்னார்குடியை மையமாக வைத்து ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் அன்றைய தி.மு.க. அரசும் அந்த நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது.

நிலக்கரிக்குள் மீத்தேன் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. படுகையில் இருக்கும் நீரின் அழுத்தம்தான் அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. வாயு வெளியே வர வேண்டுமானால் அந்த நீரை முதலில் இறைத்தாக வேண்டும். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இறைக்க வேண்டும். கடல் பக்கத்திலேயே இருக்கும் டெல்டாவில் நிலத்தடி நீரை இப்படி இறைத்தால் அந்த இடத்துக்கு எது வரும் என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை. உப்பு ஏறிய போர்வெல்லைப் பார்த்த விவசாயிக்கு அது அரை நிமிடத்தில் விளங்கிவிடும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தபோதும் மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தில்தான் இருந்தார். அந்த ஆண்டே ஜெயலலிதா அரசு வேலைகளை நிறுத்தி வைத்து வல்லுநர் குழு அமைத்திருந்தது. 2015-ல் திட்டத்துக்குத் தடை வந்தது.

ஆனால் தடை விழுந்தது ஒரு திட்டத்துக்கு மட்டும்தான். மண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் வரவில்லை. 2016-ல் மத்திய அரசு புதிய கொள்கை கொண்டு வந்தது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். மீத்தேன் என்ற பெயர் போய் ஹைட்ரோ கார்பன் என்ற பெயர் வந்தது.

2017 பிப்ரவரி 15 அன்று நாடு முழுவதும் 31 சிறு எண்ணெய், எரிவாயு வயல் பகுதிகளை ஏலத்தில் வென்றவர்களுக்கு ஒதுக்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டது. அதில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல். மறுநாளே ஊர் கூடிவிட்டது. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் கலைந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாடியம்மன் கோயில் திடலில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். ஒருமுறை உறுதிமொழியை நம்பி எழுந்தார்கள். மார்ச் 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஏப்ரலில் மறுபடி உட்கார்ந்து பல மாதம் நகரவில்லை. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. கேட்கப் போன மக்கள் மீது தடியடி நடந்தது. மீத்தேன் எதிர்ப்புப் போராட்டத்தை முன்னெடுத்த பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை ஊர் ஊராகத் தட்டிகளில் ஏறியது. சட்டத்தின் கரு உண்டான இடம் இந்தத் திடல்கள்தான்.

அந்தச் சட்டத்தைப் பிறக்க வைத்தது ஓர் ஆணை. 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு தேடிப் பார்க்கும் பணிக்கு இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றது. மைக்கைப் பிடித்து ‘வேண்டாம்’ என்று சொல்ல விவசாயிக்கு இருந்த ஒரே அரசாங்க மேடையும் போனது. டெல்டா கொதித்தது. மத்தியில் ஆளும் கட்சியோடு கூட்டணியில் இருந்த மாநில ஆளுங்கட்சிக்கு அது பெரிய நெருக்கடி. மூன்று வாரம் கழித்துக் கூட்டுரோடு மேடையில் அந்த அறிவிப்பு வந்தது. தேர்தல் கணக்கும் அதில் இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். மக்கள் உட்கார்ந்து கேட்டதை ஓர் அரசு கொடுக்க வேண்டியதாயிற்று என்பதே எனக்குப் பெரிது.

எண்ணெய் வயல்கள் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எண்ணெய் எடுக்காதே என்று மத்திய அரசிடம் சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. இது விளைநிலம், இங்கே வேளாண்மைதான் நடக்கும் என்று சொல்ல அதிகாரம் உண்டு. சட்டம் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. பிப்ரவரி 20 அன்று சட்டமன்றத்தில் மசோதா வந்தது, அன்றே நிறைவேறியது. தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீத்தேன், ஷேல் ஆகியவற்றைத் தேடவும் தோண்டவும் எடுக்கவும் தடை. தாமிரம், அலுமினியம், துத்தநாகம் உருக்கும் ஆலைகளுக்குத் தடை. தோல் பதனிடும் தொழிற்சாலைக்கும் கப்பல் உடைக்கும் தொழிலுக்கும் தடை. முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆணையம்.

ஆனால் மேடையில் சொன்ன எட்டு மாவட்டங்களில் ஐந்துதான் சட்டத்தின் பட்டியலில் இருந்தன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் இருந்தன. புதுக்கோட்டையிலும் கடலூரிலும் சில ஒன்றியங்கள் இருந்தன. திருச்சி, அரியலூர், கரூர் மூன்றும் காணாமல் போயிருந்தன. ஏற்கெனவே நடக்கும் வேலைகளைச் சட்டம் தொடாது என்ற பிரிவும் இருந்தது. நரிமணத்துக் கிணறுகள் அப்படியே இருந்தன. கடலுக்குள் தோண்டுவது மாநிலத்தின் கைக்கு எட்டாத இடம்.

விட்டுப்போன இடத்தின் பலனை அரியலூர் சீக்கிரமே பார்த்தது. 2021 ஜூனில் அரியலூர், கடலூர் மாவட்டங்களில் புதுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. விண்ணப்பித்தது. அதே மாதம் புதுக்கோட்டை மாவட்டத்து வடதெரு ஹைட்ரோ கார்பன் ஏலப் பட்டியலில் வந்தது. எதிர்க்கட்சியாக வெளிநடப்புச் செய்த மு.க.ஸ்டாலின் அப்போது முதலமைச்சர் ஆகியிருந்தார். அவர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், மாநில அரசு விண்ணப்பங்களை ஏற்கவில்லை. 2023-ல் வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி என்று மூன்று நிலக்கரி வட்டாரங்கள் ஏலத்துக்கு வந்தன. மறுபடி கடிதம். சில நாட்களில் மத்திய அரசு மூன்றையும் நீக்கியது. மைக்கேல்பட்டி அரியலூரில் இருக்கிறது, சட்டத்தின் கோட்டுக்கு வெளியே. 2025-ல் ராமநாதபுரத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்த செய்தி வெளியானது. அதைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டிய நிலை மாநில அரசுக்கு வந்தது. ராமநாதபுரமும் கோட்டுக்கு வெளியே. கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டம் துணையில்லை, அன்றைய ஆட்சியின் மனசுதான் துணை. ஆட்சி மாறும்.

கள்ளக்குறிச்சிக்காரனான எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கல்வராயனில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றோடு கலக்கின்றன. அந்த வெள்ளாற்றுக்குத் தலைவாசல் வழியாக ஓடி வரும் வசிஷ்ட நதியும் தண்ணீர் கொடுக்கிறது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது வெள்ளாறு. மேல்புவனகிரியும் பரங்கிப்பேட்டையும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள ஒன்றியங்கள். நாங்கள் காவிரிப் பிள்ளைகள் இல்லை. ஆனால் எங்கள் மலைத் தண்ணீர் அந்த மண்டலத்தில்தான் போய் முடிகிறது.

ஒரு கடனும் எங்களுக்கு உண்டு. எங்கள் கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த மின்சாரத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கும் பங்கு உண்டு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், கதிர் பிடிக்கும் நேரத்துப் பயிருக்குள் சுரங்கக் கால்வாய்க்காக மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைப் படத்தில் பார்த்தபோது, எங்கள் மோட்டாரின் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று விளங்கியது. மின்சாரம் வேண்டும்தான். அதற்காக விளையும் நிலத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்ற வழக்கம் மாற வேண்டும். கூரை மீதும் தரிசு மீதும் விழும் வெயில் எங்கள் மாவட்டத்தில் குறைவில்லாமல் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி எல்லையில் சொன்ன சொல்லில் எட்டு மாவட்டங்கள் இருந்தன. பதினொரு நாள் கழித்து வந்த சட்டத்தில் ஐந்து இருந்தன. அந்தச் சொல்லைக் கேட்ட ஊர்க்காரர்கள் என்ற முறையில் எங்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு: திருச்சி, அரியலூர், கரூர் மூன்றையும் பட்டியலில் சேருங்கள்.