காது கேட்கும்போதே கண் நகர்கிறது

பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்தைப்போல் அது ஓரிடத்தில் நின்று நமக்காகக் காத்திருப்பதில்லை. அப்படியிருந்தும் ஓடுகிற பேச்சை நாம் ஓடவிட்டே புரிந்துகொள்கிறோம். எந்த நொடியில் எந்தச் சொல் விளங்கியது என்று கேட்டால் கேட்டவருக்கே சொல்லத் தெரியாது. அவருடைய கண் அதைச் சொல்லிவிடுகிறது.

1974-ஆம் ஆண்டில் ரோஜர் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிலரின் முன்னே படங்களை வைத்துவிட்டு அவர்களை ஒரு கதையைக் கேட்கச் செய்தார். ஆப்பிரிக்கக் காட்டுப் பயணக் கதை அது. எந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் 'சிங்கம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கேட்டவரின் கண் சிங்கப் படத்துக்குப் போனது. 'ஆப்பிரிக்கா' என்ற பெயரைக் கேட்டபோதே சிங்கத்தையும் வரிக்குதிரையையும் பாம்பையும் கண் தேடியது. இத்தனை அருமையான கண்டுபிடிப்பு இருபது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1995-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேனன்ஹாஸும் உடன் ஆய்ந்தவர்களும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த முறை உலகெங்கும் பரவியது.

கருவி எளிய தத்துவத்தில் இயங்குவது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விழியின் மேல் விழுகிறது. அது திரும்பி மின்னும் புள்ளியையும் கண்மணியின் இடத்தையும் கேமரா ஒன்று இடைவிடாமல் பதிவு செய்கிறது. நல்ல கருவி நொடிக்கு 1000 முறை பதியும். விழித்திரையின் நடுவே உள்ள மிகச் சிறிய பகுதிதான் கூர்மையாகப் பார்க்கும் என்பதால், கண் நொடிக்கு மூன்று தடவை அளவில் இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒரு தாவலுக்கு ஆயத்தமாகச் சுமார் 200 மில்லிநொடி பிடிக்கும். தாவிய நேரத்திலிருந்து அதைக் கழித்தால், மனம் எப்போது முடிவெடுத்தது என்பது தெரிந்துவிடும்.

கொடைக்கானல் மலையிலுள்ள நம் பண்ணைக்காட்டுப் பொருள்களைக் கொண்டே ஒரு திரையை நினைத்துப் பார்ப்போம். நான்கு மூலையில் நான்கு படங்கள்: காப்பிப் பழம் பறிக்கும் கூடை, குருவிக்கூடு, மலைவாழைத் தார், அரிவாள். 'கூடையைப் பாருங்கள்' என்று ஒலிபெருக்கி சொல்கிறது. முதல் எழுத்து காதில் விழுந்ததும் கூடையும் கூடும் சமமாகவே கண்ணை இழுக்கும். 'டை' என்ற ஒலி வந்த பிறகுதான் கூடு விலகும், கூடை நிலைக்கும். வாழைத்தாருக்கும் அரிவாளுக்கும் இந்தப் போட்டியில் இடமே இல்லை. 1998-இல் பால் அலோபென்னா, ஜேம்ஸ் மேக்னசன், டேனன்ஹாஸ் மூவரும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு காட்டியது இதைத்தான். சொல் முடியும்வரை மனம் காத்திருப்பதில்லை.

இன்னும் வியப்பான செய்தி அடுத்த ஆண்டில் வந்தது. ஜெரி ஆல்ட்மன், யூகி கமிடே இருவரும் ஒரு சிறுவன், ஒரு கேக், சில பொம்மைகள் உள்ள படத்தைக் காட்டினார்கள். சிறுவனைப் பற்றி 'உண்பான்' என்ற வினையைக் கேட்டவுடனேயே, 'கேக்' என்ற சொல் வருவதற்கு முன்பே, கண்கள் கேக்கின்மேல் இருந்தன. 'நகர்த்துவான்' என்றபோது அப்படி நடக்கவில்லை. கேட்பவர் பேசுபவருக்கு ஓர் அடி முன்னால் நடக்கிறார்.

ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்து துப்புக் கொடுக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் அல்லவா வருகிறது? அந்த வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன என்று நினைக்க நல்ல காரணம் உண்டு. தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில் கமிடேயும் உடனிருந்தோரும் 2003-இல் இதைக் காட்டினார்கள். 'பாட்டி பேரனுக்கு' என்றாலே எதையோ கொடுக்கப்போகிறாள் என்று நம் மனம் மலைவாழைப்பழத்தைத் தேடத் தொடங்கும். 'பாட்டி பேரனை' என்றால் அந்தத் தேடல் இராது; கூப்பிட்டாளா, குளிப்பாட்டினாளா என்றே எதிர்பார்ப்போம். ஓர் உருபுக்குள் இவ்வளவு முன்னறிவு அடங்கியிருக்கிறது.

நான் எழுத விரும்பிய செய்தி அலகாபாத்திலிருந்து வருவது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ரமேஷ் மிஸ்ரா, நிஹாரிகா சிங் முதலியோர் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து பால்க் ஹியூட்டிக்கோடு சேர்ந்து, நிறையப் படித்தவர்களையும் பள்ளிப் படிப்பு மிகக் குறைந்தவர்களையும் ஒரே திரைக்கு முன் அமர்த்தினார்கள். இந்தியில் 'மகர்' என்றால் முதலை, 'மட்டர்' என்றால் பட்டாணி. 'மகர்' என்ற ஒலியைக் கேட்டதும் படித்தவர்களின் கண் பட்டாணியின் பக்கம் ஒரு கணம் ஓடியது. படிப்புக் குறைந்தவர்களிடம் ஒலியொப்புமையின் அந்த இழுப்பு இல்லை. பொருளில் நெருங்கிய ஆமையின் பக்கம் அவர்களின் கண் போனது. இது 2011-இல் வெளிவந்தது. 2012-இன் ஆய்வில் கதவு போன்ற ஒரு பொருளைக் குறிக்கும் வாக்கியங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் அடையிலிருந்தே எது வரப்போகிறது என்று ஊகிக்கலாம். படித்தவர்களின் கண் சொல் வரும் முன்பே கதவுக்குப் போய்விட்டது. மற்றவர்களின் கண் 'கதவு' என்ற சொல்லைக் கேட்ட பிறகே போனது. இடைவெளி ஒரு நொடிக்கும் மேல்.

இதைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. அவர்களுக்குப் புரியவில்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. சொன்னதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள், முந்திக்கொள்ளவில்லை, அவ்வளவே. வாசிப்பே இதற்கு முழுக் காரணம் என்றும் அடித்துச் சொல்ல இயலாது. படிப்போடு வேறு பல வாழ்க்கை வேறுபாடுகளும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் பக்கம் பக்கமாகப் படிப்பது அடுத்த சொல்லை ஊகிக்கும் பழக்கத்தைத் தருகிறது, அந்தப் பழக்கம் காதுக்கும் வந்துசேர்கிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது. 1990-களில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தில் விளக்கொளியில் எழுத்துக் கற்ற பெண்கள் கையெழுத்துப் போட மட்டும் பழகவில்லை. கேட்கும் முறையிலேயே ஒரு மாற்றம் அவர்களுக்குள் தொடங்கியிருக்கக்கூடும்.

சம்பளப் பட்டியலில் இன்றும் கைநாட்டு வைக்கும் மூத்தவர்கள் மலைத்தோட்டங்களில் இருக்கிறார்கள். மருந்து எப்போது, எத்தனை வேளை என்று அவர்களிடம் கடகடவென்று சொல்லிவிட்டு, விழிக்கிறார்களே என்று சலித்துக்கொள்வோர் இந்த ஒரு நொடியை நினைத்துப் பார்க்க வேண்டும். முக்கியமான சொல்லை நிறுத்திச் சொல்வதற்குச் செலவு எதுவுமில்லை.

இவையெல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் கண்டவை. தமிழ் உருபுகளை வைத்து, தமிழ் கேட்டு வளர்ந்த, எழுத்தறியாத செவிகளோடு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. நுண்கருவிகள் இந்த மலைக்குப் புதியவை அல்ல. கொடைக்கானல் வானாய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது; சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில் இருக்கிறது, காந்திகிராமப் பல்கலைக்கழகம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்கள் ஒரு கண்நகர்வுக் கருவியோடு பண்ணைக்காட்டுக்கு வர வேண்டும். இங்குள்ள பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் கேட்கும் தமிழைப் பதிவு செய்ய வேண்டும். இதைப் படிக்கும் நம் ஊர்ப் பட்டதாரிகளில் ஒருவர் அதைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.