கட்டைவிரலின் சரித்திரம்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்சுந்தை முதலிய வட சிலாங்கூர்ப் பகுதிகளில் காடழித்துத் தோட்டங்கண்ட நம் முன்னோரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், ரப்பரைப் பற்றியும், 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்திற்கென முதன்முதல் நடப்பட்ட செம்பனையைப் பற்றியும் எழுதுவர். அம்மக்களின் கட்டைவிரலைப் பற்றி எழுதுவோர் அரியர்.

ஒப்பந்தக் கூலியாய் வந்தவன் தான் படிக்கவறியாத பத்திரத்திலே கைநாட்டு வைத்தான். அதன் பொருளைத் துரை அறிவார், தரகன் அறிவான், கட்டுண்டவனோ அறியான். 1910-இல் ஒப்பந்தமுறை ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசாங்கத்தின் தடையால் கங்காணி ஆள்சேர்ப்பதும் நின்றது. ஆனால் மேலிடத்துக் குரல் கேட்டால் மறுக்கலாகாதென்னும் அச்சம் நின்றதா?

1948-இல் அவசரகாலம் பிறந்தபோது, 12 வயது நிரம்பியோர் யாவரும் புகைப்படமும் விரல்ரேகையும் பதித்த அடையாளக் கார்டு பெறவேண்டுமென உத்தரவாயிற்று. கார்டில்லாதவனைப் பட்டாளம் சந்தேகித்தது. கார்டுள்ளவனிடமிருந்து காட்டிலிருந்தோர் அதைப் பறித்துக் கிழித்ததும் உண்டு. 2001-இல் வந்த மைகார்டில் அதே ரேகை சில்லுக்குள் புகுந்தது.

அக்கார்டின் 12 இலக்கங்களை நோக்குங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம், சிலாங்கூராயின் 10. இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். எண்ணைக் கொடுத்தவன் பாதி ஜாதகத்தைக் கொடுத்தவனாகிறான்!

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் அமலுக்கு வந்தது. எனினும் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் களவாகிக் கிடப்பது 2017-இல் வெளிப்பட்டது. ஆகையால், ஒருவன் நம் பெயரையும் கார்டு எண்ணையும் பிழையின்றிச் சொல்வது, அவன் போலீஸ் என்பதற்கோ பாங்கி அதிகாரி என்பதற்கோ அத்தாட்சியாகாது. நமது பழைய அச்சமே அவனுடைய மூலதனம். அவன் மிரட்டினால் பேச்சை அறுத்துவிட்டு, பாங்கியின் எண்ணை நாமே தேடிக் கூப்பிட்டு விசாரித்தல் வேண்டும்.

பாங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியெண்ணே இக்காலக் கைநாட்டு. அதைப் பிறரிடம் சொல்லுதல் கூடாது. பாங்கி அட்டையை இரவல் கொடுத்தலும் கூடாது. அவ்வட்டையின்மேல் நடக்கும் மோசத்திற்கு அதன் உடையவனே விசாரணைக்கு நிற்கவேண்டிவரும். ஏமாந்தோர் வெட்கத்தால் மறைத்துத் தாமதியாமல், உடனே பாங்கிக்கும், 2022-இல் ஏற்பட்ட மோசடித் தடுப்பு நிலையத்தின் 997 என்னும் எண்ணுக்கும் அறிவித்தல் வேண்டும். பணம் கைமாறிச் சென்றுவிடுமுன் தடுக்க அதுவே வழி.

தோழர்களே! பாட்டன் படிக்கத் தெரியாமையால் விரல் வைத்தான். படிக்கத் தெரிந்த பேரன் படியாமல் விரல் வைப்பானாகில், பாட்டன் பாடுபட்டு அவனைப் படிக்கவைத்ததன் பயன் யாது?