அயனித் தடி: தென் திருவிதாங்கூர் மரவேலையில் ஒரு விளைமரத்தின் வரலாறு

தென் திருவிதாங்கூரின், அதாவது இன்றைய கன்னியாகுமரிப் பகுதியின், மரவேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையில் தொடங்கித் தேக்கில் முடித்துவிடுவது வழக்கம். அரண்மனையை விட்டு வெளியே வந்து கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் பழைய வீடுகளில் நிலையையும் உத்தரத்தையும் தட்டுப் பலகையையும் பார்த்தால் கணக்கு மாறுகிறது. அங்கே பலாவும் அயனியுமே பெருமளவு உழைத்திருக்கின்றன. பலாவுக்குப் பழத்தாலும் ஒரு பெருமை உண்டு. அயனிச் சக்கைக்குப் பெரிய சந்தை இருந்ததில்லை; அதன் மதிப்பு தடியில்தான். இந்த மரம் விளைகளில், அதாவது தோட்ட நிலங்களில், நிலைத்ததற்கும், வீட்டுக்கும் வள்ளத்துக்கும் போனதற்கும், பிறகு இரண்டிலிருந்தும் விலகியதற்கும் அதன் குணம் எவ்வளவு காரணம், உடைமையும் விலையும் எவ்வளவு காரணம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்கு உரிய மரம் அயனி. மலையாளத்தில் ஆஞ்ஞிலி. டச்சுக்காரர் வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் மூன்றாம் தொகுதி (1682) இதைப் படத்துடன் பதிவுசெய்தது. ஆர்ட்டோகார்பஸ் ஹிர்சூட்டஸ் என்ற அறிவியல் பெயரை 1789இல் லாமார்க் தந்தார். கன்றின் இலை கறிப்பலா இலையைப்போலப் பிளவுபட்டிருக்கும். மரம் வளர வளரப் பிளவு மறைந்துவிடும். ஆண்பூக் கதிர் காய்ந்து திரிதிரியாக உதிரும். அதன் நுனியில் தீ வைத்தால் சுடர் விடாது; கங்காகவே நின்று மெல்லப் புகையும். வெடி கொளுத்தவும் கொசு விரட்டவும் அது உதவியிருக்கிறது.

தடியின் குணத்துக்கு வருவோம். வெட்டிய புதிதில் காதல், அதாவது வைரம், பொன் மஞ்சளாக இருக்கும்; காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறும். அதைச் சுற்றியுள்ள வெளிப்பகுதியான வெள்ளை, வெளிறிய நிறம் கொண்டது. பூச்சிக்கு எளிதில் இரையாகும். காதலில் நீர் கடத்தும் குழாய்கள் அடைபட்டுப்போவதால் ஈரம் சுலபத்தில் ஊறாது. சிதலும் அவ்வளவாக அண்டாது. உலர்ந்த தடி கன மீட்டருக்கு ஏறக்குறைய 550 முதல் 600 கிலோ வரும். தேக்கு 650 கிலோ அளவில் நிற்கும். எடை குறைவு, உறுதி தேக்குக்குப் பக்கத்தில். குறையும் உண்டு. இழை கரடானது; நார் சில இடங்களில் திசை மாறிப் பின்னி ஓடும். ஒரு போக்கில் வழுக்கிச் செல்லும் இழைப்புளி மறுபோக்கில் நாரைப் பிய்த்துவிடும். பத்மநாபபுரம் பூமுகத்தின் விதானத்தில் உள்ள 90 வகைப் பூக்களைப் போன்ற நுண்செதுக்கலுக்கு ஓர் ஆசாரி அயனியைத் தேடியிருக்க மாட்டார். உத்தரம், கழுக்கோல், பலகை என்றால் கதை வேறு. கிளையில்லாமல் நெடுக ஓங்கும் அடிமரம் அந்த வேலைகளுக்கு ஏற்றது.

குணம் மட்டுமே ஒரு மரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் திருவிதாங்கூரில் தேக்கு, வீட்டி, கருங்காலி, சந்தனம் நான்கும் ராஜமரங்கள். 1865ஆம் ஆண்டின் பண்டாரப் பாட்டம் விளம்பரம், சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்த குடிகளுக்கு நில உடைமையைத் தந்தது. ஆனால் இந்த மரங்களின் மீதான உரிமையைச் சர்க்கார் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. சொந்த விளையில் தானாக முளைத்த தேக்கும் தனக்கில்லை என்றால் குடியானவன் அதை எதற்குக் காப்பாற்றுவான்? அந்த நான்கில் அயனி இல்லை. விளை ஓரத்தில் விட்டு வளர்த்து, மகள் கல்யாணத்துக்கோ வீட்டுப் பணிக்கோ வெட்டிக்கொள்ளக்கூடிய பெருமரமாக அது நிலைத்ததற்குச் சிதல் தாங்கும் குணத்தைவிட இந்த உரிமையே பெரிய காரணம் என்று கருதுகிறேன். அரண்மனையிலும், அதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில், எல்லாரும் நின்று பார்க்கும் தூண் ஒற்றைப் பலாத்தடியில் கடைந்தது. ராஜமரங்களின் தேசத்தில் விளைமரம் கொட்டாரம்வரை போயிருக்கிறது.

நெல் விளையும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வீட்டின் கனமான மரச்சாமான் பத்தாயம். நெல்லில் ஈரமும் ஏறக்கூடாது, சிதலும் ஏறக்கூடாது. பலாவும் அயனியும் அங்கே பொருந்தின.

ஆனால் இந்தத் தடியின் முழுத் திறமையும் வெளிப்பட்ட இடம் தண்ணீர்தான். 16ஆம் நூற்றாண்டில் கொச்சியில் கப்பல் கட்டிய போர்த்துக்கீசியர் தேக்கோடு இதையும் பயன்படுத்தினர். ஆறன்முளைப் பள்ளியோடங்களும் ஆலப்புழைப் பக்கத்துச் சுண்டன் வள்ளங்களும் இன்றும் ஆஞ்ஞிலியில்தான் பிறக்கின்றன. 100 அடியைத் தாண்டும் ஓடத்துக்கு நீளமான, கணுவில்லாத பலகை வேறு எந்த மரத்தில் எளிதில் கிடைக்கும்? கன்னியாகுமரிக் கரையின் நிலை வேறு. இங்கே அலை கரையிலேயே உடைவதால், மிதப்பு மிகுந்த மென்மரங்களைப் பிணைத்த கட்டுமரமே முதன்மைக் கலம். தடியைக் குடைந்தும் பலகைகளைக் கயிற்றால் தைத்தும் செய்த வள்ளங்கள் மேற்கே போகப் போகத்தான் மிகும். அவற்றுக்கு அயனியும் மாவும் தடி தந்தன. மா மலிவு, சீக்கிரம் உளுக்கும். அயனி விலை கூடுதல், காலம் நிற்கும். எந்தத் தடியில் வள்ளம் இறக்குவது என்பது கடற்காரரின் கைமுதலைப் பொறுத்தது.

1980களில் வெளிப்பொருத்து எஞ்சின் பரவியபோது இந்தக் கணக்கு குலைந்தது. வள்ளத்துக்குத் தேவையான பெருந்தடி அரிதாகி விலையும் ஏறியிருந்தது. முட்டம் போன்ற இடங்களின் படகுப் பட்டறைகளில் மரைன் பிளைவுட் வள்ளங்கள் உருவாயின. பிறகு பைபர் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உடைந்த கலங்களுக்கு ஈடாகப் பெரும்பாலும் பைபர் படகுகளே வழங்கப்பட, மரக்கலத்துக்குத் திரும்பும் வழி கிட்டத்தட்ட அடைபட்டது.

கரையில் வள்ளம் போன அதே காலத்தில் விளையில் ரப்பர் ஏறியது. நிழல் தரும் பெருமரம் ரப்பருக்கு ஆகாது. அயனி எல்லைக்கு ஒதுங்கியது. 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை காட்டில் வெட்டுவதை இறுக்கியது. தூத்துக்குடி வழியாக இறங்கும் வெளிநாட்டுத் தடி கோங்கு, படாக் என்ற பெயர்களில் நாகர்கோவில் அறுப்பு மில்களுக்கு வந்து சேர்ந்தது. இன்று ஜன்னல் சட்டம் கேட்டால் முதலில் காட்டுவது அதைத்தான்.

அயனி இன்னும் விற்கிறது. வேகமாக வளரும் மரம் என்பதால் 25, 30 ஆண்டிலேயே வெட்டிவிடுகிறார்கள். அந்த வயதில் தடி பருத்திருக்கும். அறுத்துப் பார்த்தால் காதல் நடுவில் ஒடுங்கி, சுற்றிலும் வெள்ளை அகன்றிருக்கும். திருவிதாங்கூர் வனத்துறைத் தலைவராக இருந்த போர்டிலன் 1908இல் வெளியிட்ட வனமரங்கள் நூல் காட்டுப் பெருமரங்கள் நின்ற காலத்தில் எழுதப்பட்டது. அன்றைய தடியை மனத்தில் வைத்து வாங்குகிறவர் இளந்தடியில் அதே ஆயுளை எதிர்பார்த்தால் ஏமாறுவார். பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் அயனி உத்தரத்துக்குப் புதுத்தடியைவிடக் கூடுதல் விலை சொல்லும் வியாபாரிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.