கன்ஃபர்மேஷன் லெட்டர் வராத ஒன்பதாவது மாசம்

போன வாரம் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் ஃபோன் பண்ணினான். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஆறு மாச ப்ரொபேஷன்னு சேர்ந்தான். ஒன்பது மாசம் ஆச்சு, கன்ஃபர்மேஷன் லெட்டர் வரவே இல்லை. வேற வேலை கிடைச்சு ராஜினாமா கொடுத்தா, ஹெச்ஆர் மூணு மாசம் நோட்டீஸ் கேட்கிறாங்க. அவனோட ஆஃபர் லெட்டர்படி ப்ரொபேஷனில் இருந்தா 15 நாள், கன்ஃபர்ம் ஆனவங்களுக்குத்தான் மூணு மாசம். "அண்ணா, இப்ப நான் யாரு?"ன்னு கேட்டான்.

இதே கேள்வி அறுபது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம மதுரையிலிருந்து டெல்லி வரை போயிருக்கு. எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் நிறுவனமும் ஓர் ஊழியரும் சம்பந்தப்பட்ட வழக்கு அது. மதுரை தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆரம்பித்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1964 ஏஐஆர் தொகுப்பில் தீர்ப்பு இருக்கு. ஆறு மாச ப்ரொபேஷன்னு எடுத்துட்டா, தவறான நடத்தையோ வேறு போதுமான காரணமோ இல்லாமல் நடுவில் அனுப்ப முடியாது. ஆறு மாசம் முடிஞ்சதும் கன்ஃபர்ம் பண்ணலாம், அல்லது அனுப்பலாம். ரெண்டும் பண்ணாம நிர்வாகம் சும்மா இருந்தா? அவர் ப்ரொபேஷனராகவே தொடர்கிறார். நாள் கடந்ததால் மட்டும் யாரும் கன்ஃபர்ம் ஆவதில்லை.

முதல் தடவை படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. கம்பெனி மௌனமா இருந்தா நஷ்டம் ஊழியருக்கா?

நாலு வருஷம் கழித்து, 1968-ல், பஞ்சாப் அரசுக்கும் தரம் சிங்குக்கும் நடந்த வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. அங்கே கல்வித் துறை விதியே ப்ரொபேஷன் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது என்றது. உச்சவரம்பு எழுதியிருக்கும்போது அதற்கு மேலும் வேலையில் வைத்திருந்தால், உறுதி செய்ததாகவே அர்த்தம்.

தமிழ்நாடு இன்னொரு வழியில் போனது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் லெட்டரைப் பார்க்கவில்லை, நாளை எண்ணியது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும். உடம்பு சரியில்லாத நாள், அனுமதி பெற்ற லீவு எல்லாம் அந்தத் தொடர்ச்சியை உடைக்காது.

ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவை உருட்டியபோது இந்தச் சட்டத்துக்கு வயசு பதினேழு. அதற்குப் பிறகு ஒரகடம் வரை நீண்ட இந்தத் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறிப் பாருங்க: ட்ரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட்னு ஆளுக்கொரு பேர். 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி அப்ரென்டிஸ் என்பவர் தொழிலாளரே இல்லை. அப்புறம் 480 நாள் கணக்கு எங்கே ஆரம்பிக்கும்?

ஓஎம்ஆர் பக்கம் கேட்கிறவங்களுக்கு ஒண்ணு: நம்ம ஆபீஸ்களுக்கு 1947-ஆம் ஆண்டு கடைகள் நிறுவனங்கள் சட்டம் இருக்கு. நிர்வாகப் பதவிகள் தவிர, ஆறு மாசம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாச நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. விசாரணையில் நிரூபணமான தவறு என்றால் நோட்டீஸ் வேண்டாம். 41-ஆம் பிரிவு அது.

சரி, ஜூனியருக்கு வருவோம். எனக்குக் கோபம் வரவைத்த மதுரைத் தீர்ப்புதான் அவனுக்குக் கைகொடுத்தது. கன்ஃபர்ம் பண்ணலைன்னா அவன் இன்னும் ப்ரொபேஷனர். அப்போ நோட்டீஸும் 15 நாள்தானே? அனுப்பும்போது ப்ரொபேஷனர், போகும்போது பெர்மனென்ட் என்று வைத்துக்கொள்ள முடியாது. (அவன் ஆஃபர் லெட்டரில் "எழுத்துமூலம் உறுதி செய்யும் வரை" என்ற வரி இருந்தது. உங்க லெட்டரில் "ஆறு மாசத்தில் தானாகவே உறுதியாகும்"னு இருந்தா கதை தலைகீழ்.)

சம்பளம்? நோட்டீஸில் வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் உண்டு. 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம், நீக்கப்பட்டவருக்கு மட்டும்தான் இரண்டு வேலை நாளில் கணக்கை முடிக்கச் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் ராஜினாமா செய்தவருக்கும் அதே கெடு வைத்திருக்கு.

ரெண்டு வரி மெயில் போட்டான். ஆஃபர் லெட்டர் வரி ஒண்ணு, தன் கடைசி நாள் ஒண்ணு. நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. அவன் எழுதின அதே தேதி, விளக்கம் எதுவும் இல்லை.