பழகாத ஏரியில் இரவு மீன்பிடிப்பு: படகு இறங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி? டிவி பார்க்கும் பலருக்கு அது டெல்டா பாசனச் செய்தி. ராத்திரி வலையோடு பரிசலில் இறங்குபவருக்கோ, தண்ணிக்கு அடியில் இன்று எது ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் எண் அது.

ராத்திரியில் ஏன் மீன் பிடிக்கிறாங்க?

கெளுத்தி, விலாங்கு போன்றவை இருட்டிய பிறகுதான் இரை தேடி அதிகம் சுற்றும். பகலில் ஆழத்தில் கிடக்கும் மீன்கள் பல, இரவில் கரையோர ஆழமில்லாத பகுதிக்கு வரும். இருட்டில் வலையும் மீன் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதனால்தான் சாயங்காலம் வலை விரித்து, விடியும்போது எடுக்கும் பழக்கம் உள்ளது.

தண்ணிக்கு அடியில் என்ன இருக்கு?

1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய ஊர்களே மூழ்கியுள்ளன. தண்ணீர் வெகுவாக இறங்கும்போது, பண்ணவாடி பகுதியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும்.

சிக்கல் என்னன்னா, முழுசா மூழ்கிய கட்டடம் படகை இடிக்காது. வெளியே தெரிவதைப் பகலில் பார்த்து ஒதுங்கிடலாம். தண்ணிக்கு ஓரடி கீழே நிற்கும் சுவர், பாறை, பட்ட மரம்தான் ஆபத்து. நீர்மட்டம் சில அடி மாறினாலே இந்த ஆபத்தும் இடம் மாறிவிடும். அதாவது, பழகிய ஏரியே பழகாத ஏரி ஆகிவிடும்.

பகலிலேயே முடிக்க வேண்டியது என்ன?

• போகப்போகும் பாதையில் வெளிச்சத்திலேயே ஒருமுறை படகில் போய் வரணும். உள்ளூர் மீனவர் கூட வந்தால் இன்னும் நல்லது.

• கல் கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கணும்.

• கரையில் இரவு முழுக்க எரியும் 2 விளக்குகளை அடையாளம் வைக்கணும். வீட்டு விளக்கு வேண்டாம். பாதி ராத்திரியில் அணைச்சிடுவாங்க.

• எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லணும்.

• மேட்டூர் போன்ற நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்க உரிமம் தேவை.

டார்ச் அடிச்சுக்கிட்டே போகலாமா?

கூடாது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். வலையைச் சரிபார்க்க மங்கலான சிவப்பு விளக்கு போதும். ஆனால் எதிரே வரும் படகுக்கு நம்ம படகு தெரியணும். துடுப்புப் படகில் குறைந்தபட்சம் ஒரு டார்ச் தயாராக இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசக் கடல் விதி. ஏரிக்கும் அது நல்ல பாடம்.

எப்போது இறங்கவே கூடாது?

காற்று பலமாக இருந்தால் வேண்டாம். பரிசல் வட்டமானது, காற்று தள்ளும் பக்கம் சுழன்றுகொண்டே போகும். இடி, மின்னல் என்றாலும் வேண்டாம். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும் நாட்களில், வெள்ளத்தோடு மரங்களும் மிதந்து வரலாம்.

வலை சிக்கினால்? படகு கவிழ்ந்தால்?

வலை எதிலாவது மாட்டினால் எழுந்து நின்று இழுக்கக் கூடாது. 2 பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் பரிசல் கவிழும். கயிற்றில் மிதவையைக் கட்டி விட்டுட்டு, விடிந்த பிறகு எடுக்கலாம். முடியாவிட்டால் கத்தியால் அறுத்துவிடலாம். வலை போனால் ஆயிரக்கணக்கில் நஷ்டம்தான். ஆனால் இருட்டில் அதே வலை காலில் சுற்றினால், நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கஷ்டம்.

கவிழ்ந்துவிட்டால், மிதக்கும் படகை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இருட்டில் கரை விளக்கு கிட்ட இருப்பது போலத்தான் தெரியும். அதை நம்பி நீந்தக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, ஏறும்போதே போட்டுக்கணும். கழுத்தில் ஒரு விசில், தண்ணீர் புகாத உறையில் செல்போன் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112.