செட்லாந்துத் தீவுகளும் வடகடல் எண்ணெயும்: ஒரு துறைமுக அதிகாரத்தின் வரலாறு

கடலடி எண்ணெயால் கரையோரச் சமூகங்கள் பெற்ற பயன்களை ஆராய்வோர்க்கு, ஸ்காட்லாந்தின் வடக்கே அமைந்த செட்லாந்துத் தீவுகள் தனித்துக் கருதத்தக்க சான்றாகும். 1971இல் அத்தீவுகளின் வடகிழக்குக் கடலில் பிரென்ட் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டபோது, மீன்பிடித்தல், ஆடு வளர்ப்பு, கம்பளி ஆடை பின்னுதல் ஆகியவற்றைச் சார்ந்து அங்கு வாழ்ந்தோர் இருபதாயிரத்திற்கும் குறைவானவர்களே. எண்ணெய்க்குரிய உரிமைத்தொகையும் வரியும் இலண்டன் அரசின் கருவூலத்தையே சேர்ந்தன. தீவினர் கையில் இருந்தது கரை மட்டுமே.

அக்கரையின் மதிப்பை உள்ளூர் ஆட்சிக்குழு முன்னரே உணர்ந்திருந்தது. எண்ணெய் கரையேறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1974இல், செட்லாந்து ஆட்சிக்குழுச் சட்டம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இஃது அரசு கொண்டுவந்த பொதுச்சட்டமன்று. ஆட்சிக்குழுவே முயன்று பெற்ற தனிச்சட்டம். நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்துதல், துறைமுக ஆணையமாகச் செயற்படுதல், வருவாயைச் சேமநிதியாக்குதல் ஆகிய அதிகாரங்களை அது வழங்கியது. எண்ணெய் முனையங்கள் தீவெங்கும் சிதறாமல் சல்லம் வோ என்னும் ஒரே கடற்கழியில் அமைந்தமைக்கு இவ்வதிகாரமே துணைநின்றது. வாழ்வியல் இடையூற்றுக்கு ஈடாக நிறுவனங்கள் ஆட்சிக்குழுவிற்குத் தொகை செலுத்த உடன்பட்டன. அதனைப் பொதுநலனுக்குச் செலவிட 1976இல் ஓர் அறக்கட்டளை தோன்றியது. முதியோர் இல்லங்களும் விளையாட்டரங்குகளும் அந்நிதியின் துணையால் எழுந்தன. எண்ணெயில் பங்கு கேட்டிருந்தால் ஒருவேளை ஏதும் கிட்டியிராது.

பயனுக்கு விலையும் இருந்தது. கட்டுமானம் உச்சத்தை எட்டியபோது ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்குப் பணியாற்றினர். முனையம் தந்த ஊதியத்திற்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்னலாடைத் தொழிலும் மீன் பதப்படுத்தும் ஆலைகளும் ஆளின்றித் தவித்தன.

1978 நவம்பரில் முதல் எண்ணெய் குழாய்வழி வந்து சேர்ந்தது. அடுத்த மாத இறுதியிலேயே எஸ்ஸோ பெர்னிசியா என்னும் கப்பல், இழுவைக் கப்பலொன்றில் தீப்பற்றியதால் கட்டுப்பாடிழந்து துறைமேடையில் மோதியது. ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட எரிநெய் கடலில் கலந்தது. பல்லாயிரம் கடற்பறவைகள் மடிந்தன என்பது பரவலான எண்ணமெனினும், கணக்கிடப்பட்டவை நான்காயிரத்திற்குட்பட்டவையே. ஆயின் கரையொதுங்கிய கடற்பாசியை மேயும் ஆடுகளும் எண்ணெயில் தோய்ந்தன. அவற்றை வளர்த்தோர்க்குரிய இழப்பீடு நீதிமன்ற வழக்கின் பகுதியாகிப் பிரபுக்கள் அவை வரை சென்றது. முனையச் சூழலைக் கண்காணிக்க அமைந்த அறிவுரைக் குழு, கரையோர உயிரினங்களை அதன்பின்னும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வந்தது.