குழியில் விழுந்த யானை

அமெரிக்காவில் குடியரசுக் கட்சின்னா யானைன்னு நமக்குத் தெரியும். கம்பீரம், பலம், அதனாலதான் யானைன்னு நினைச்சிருப்பீங்க. ஆனா அந்தச் சின்னம் ஊருக்கெல்லாம் பழகினதில் ஒரு பெரிய தோல்விக்கும் பங்கு இருக்கு.

வருஷம் 1874. யுலிஸஸ் கிராண்ட் ரெண்டாவது தடவையா ஜனாதிபதியா இருக்கார். மூணாவது தடவையும் நிற்கப் போறார், சீசர் மாதிரி ஆகப் போறார்னு ‘நியூயார்க் ஹெரால்ட்’ பத்திரிகை கிளப்பிவிட்டுட்டே இருந்துச்சு. அப்போ அதைத் தடுக்கச் சட்டமும் கிடையாது. அது வந்தது 1951இல்.

கிராண்ட்டின் தீவிர ஆதரவாளர் தாமஸ் நாஸ்ட். ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யின் நவம்பர் 7 இதழில் அவர் வரைஞ்ச கார்ட்டூன் இது: சிங்கத்தோல் போர்த்தின ஒரு கழுதை. அதுதான் ஹெரால்ட். அது போட்ட சத்தத்தில் காட்டு மிருகங்கள் எல்லாம் மிரண்டு ஓடுது. நடுவில் ஒரு யானை, மேல ‘குடியரசுக் கட்சி ஓட்டு’ன்னு எழுதியிருக்கு. கவனிங்க, கட்சி இல்லை, ஓட்டு. யானைக்கு முன்னாடி ஒரு குழி. நம்ம மலைக்காடுகளில் அந்தக் காலத்தில் யானை பிடிக்கக் குழி வெட்டி மேல மூங்கில் பரப்பினாங்களே, அந்த மாதிரி. இங்கே மூங்கிலுக்குப் பதிலா பலகைகள். ‘பணவீக்கம்’, ‘கடன் மறுப்பு’ன்னு பெயர்கள்.

(மிருகக்காட்சி சாலையிலிருந்து மிருகங்கள் தப்பிச்சுட்டதா ஹெரால்ட் விட்ட புரளியைப் பார்த்துத்தான் இதை வரைஞ்சார்னு பல இடத்தில் படிப்பீங்க. அந்தப் புரளி வந்தது நவம்பர் 9. கார்ட்டூன் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு.)

தேர்தல் முடிஞ்சது. குடியரசுக் கட்சி கீழ்ச்சபையில் 90 இடத்துக்கு மேல இழந்துச்சு. உள்நாட்டுப் போருக்கு அப்புறம் முதல் தடவையா அந்தச் சபை ஜனநாயகக் கட்சி கைக்குப் போச்சு. பயம் இருந்திருக்கலாம், ஆனா இவ்வளவு பெரிய அடி!

நவம்பர் 21 இதழில் நாஸ்ட் பதில் சொன்னார். அதே யானை, இப்போ குழிக்குள்ள. மூணாவது தடவைங்கிற புரளியால வந்த வினைன்னு தலைப்பிலேயே எழுதிட்டார்.

எனக்கு இங்கேதான் ஒரு சந்தேகம். 1873இல் ஜே குக் வங்கி திவாலாகி, ரயில் கம்பெனிகள் கவிழ்ந்து, ஆயிரக்கணக்கானவங்க வேலை இழந்திருந்தாங்க. கிராண்ட் ஆட்சியைச் சுத்தி ஊழல் பேச்சு வேற. சம்பளம் போனவன் ஒரு பத்திரிகைப் புரளிக்கு மிரண்டா ஓட்டை மாத்தினான்? நாஸ்ட் படத்தில் பொருளாதாரம் வருது, ஆனா எதிரி போட்ட பலகையா மட்டும்தான் வருது. மக்கள் மனசைப் படம் பிடிச்சதா நாம நினைக்கிற கார்ட்டூன், தோத்த பக்கம் தன்னைத் தேத்திக்கிட்ட விதத்தைத்தான் பிடிச்சிருக்கு. ஓட்டு போட்டவனுக்குக் காரணமே இல்லை, மிரட்சி மட்டும்தான்னு அந்த யானை சொல்லுது. வரலாற்று ஆதாரமா அதை எடுத்துக்கலாம். ஆனா யாரோட ஆதாரம்னு கேட்டுட்டு எடுக்கணும்.

நாஸ்ட்டுக்கும் இது கொஞ்சம் புரிஞ்சிருக்கும் போல. 1876 தேர்தலில் மக்கள் ஓட்டு அதிகம் வாங்கினவர் ஜனநாயகக் கட்சியின் டில்டன். மாசக்கணக்கில் தகராறு நடந்து, கடைசியில் 185–184ன்னு ஒரே ஓட்டில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் ஜனாதிபதி ஆனார். 1877 மார்ச் 24 இதழில் மறுபடியும் அந்த யானை. உடம்பெல்லாம் கட்டு, எதிரிப் புலியோட கல்லறைப் பக்கத்தில் துவண்டுபோய் உட்கார்ந்திருக்கு. இன்னொரு தடவை இப்படி ஜெயிச்சா நான் ஒழிஞ்சேன்னு அது புலம்புற மாதிரி தலைப்பு.

இத்தனைக்கும் அது ஜெயிச்ச கட்சியோட படம்.